ஏஎஸ்/400 வேலையில் சேர்ந்தால் பிறகு வெளியே வர முடியுமா?

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்துவிட்டார். கொழும்பில் ஒரு கொம்பனி ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் வணிகக் கணினியில், ஆர்பிஜி என்ற மொழியில் புரோகிராம் எழுதும் வேலைக்குப் பயிலுனராக எடுக்கிறது, இரண்டு வருட ஒப்பந்தம் கேட்கிறது. கூடப் படித்தவர்கள் ஜாவா, பைதான் என்று போகும்போது தான் மட்டும் செத்துப்போன தொழில்நுட்பத்தில் மாட்டிக்கொள்வேனோ என்று பயம். அப்பா, அரசாங்க வேலை வரும்வரை பொறுக்கச் சொல்கிறார்.

தங்கச்சி, சேருங்கள். ஆனால் எதையெல்லாம் கேட்டுவிட்டுச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு எதில் நேரத்தைப் போட வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் பிறகு வெளியே வருவது சுலபமா கஷ்டமா என்பது இருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நானும் வவுனியாதான். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஆர்பிஜியில் தொழிலைத் தொடங்கினேன். இப்போது என் நாளில் பெரும்பகுதி ஜாவாவிலும், தரவுத்தளத்தைக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லிலும் போகிறது.

முதலில், அது செத்துப்போகவில்லை. ஏஎஸ்/400 இயந்திரத்தை ஐபிஎம் 1988 ஜூனில் வெளியிட்டது. பிறகு ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, 2008 முதல் அதன் இயங்குதளத்துக்கு ஐபிஎம் ஐ என்று பெயர். ஐபிஎம்மின் பவர் சேர்வர்களில் ஓடுகிறது. 7.5 பதிப்பு 2022இல் வந்தது, 7.6 பதிப்பு 2025இல் வந்தது. அலுவலகங்களில் மட்டும் எல்லோரும் இன்னும் ஏஎஸ்/400 என்றுதான் சொல்கிறார்கள். ஆர்பிஜி மொழி அதைவிட மூத்தது, 1959இல் பிறந்தது.

இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம் அதன் அமைப்பு. புரோகிராமுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் ஐபிஎம் ஒரு இடைத்தளம் வைத்தது. புரோகிராம் அந்த இடைத்தளத்தோடு மட்டும்தான் பேசும், கீழே எந்த புரொசெசர் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 1995இல் 48 பிட் புரொசெசரிலிருந்து 64 பிட்டுக்கு ஐபிஎம் மாறியபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் புரோகிராம்களைப் பழைய இயந்திரத்தில் எடுத்துப் புதியதில் போட்டார்கள். உள்ளே இருந்த இடைத்தளக் குறிமுறையை இயந்திரமே புதிய புரொசெசருக்கு மாற்றிக்கொண்டது. மூலக் கோட் தொலைந்துபோயிருந்தாலும் பெரும்பாலான புரோகிராம்கள் ஓடின. இப்படி ஓடிக்கொண்டிருப்பதை நிறுவனங்கள் ஏன் கழற்ற வேண்டும்? கழற்றப் போய் அடிபட்டவர்களும் இருக்கிறார்கள். பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளைப் புதிய தளத்துக்கு மாற்றியபோது 19 லட்சம் வாடிக்கையாளர்கள் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண் தண்டம் விதித்தார்கள்.

ஆனால் "தளம் உயிரோடு இருக்கிறது, பயப்படாதே" என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. உயிரோடு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளங்களையும் அவற்றின் சொந்தக் கொம்பனிகளே நிறுத்தியிருக்கின்றன. எச்பி 3000 என்று ஒரு வணிகக் கணினி 1972இலிருந்து இருந்தது. அதை நம்பித் தொழில் செய்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2001 நவம்பரில் எச்பி அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2010 முடிவோடு ஆதரவும் நின்றது. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஃபொக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருள். கடைக் கணக்கு, சம்பளப் பட்டியல், அரிசி ஆலைக் கணக்கு எல்லாம் ஒரு காலத்தில் அதில் எழுதினார்கள். இனிப் புதிய பதிப்பு இல்லை என்று 2007இல் மைக்ரோசொஃப்ட் சொன்னது, 2015 ஜனவரியில் கடைசி ஆதரவும் முடிந்தது. ஃபொக்ஸ்புரோ எழுதியவர்களில் சிலர் அதோடு தொழிலை விட்டார்கள். சிலர் எஸ்கியூஎல் சேர்வர் என்ற வேறு தரவுத்தளத்துக்குப் போய் முன்பைவிட நல்ல நிலைக்கு வந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே கட்டளைகளைத்தான் எழுதின. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருந்தது?

போரில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அப்பா சொல்லியிருப்பார். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பாதை திறந்து பெற்றோல் வந்தபோது அந்த வித்தைக்கு ஒரு நாளில் மதிப்புப் போய்விட்டது. ஆனால் மண்ணெண்ணெய் ஏன் குளிரில் பற்றாது, காபரேட்டரில் காற்றும் எண்ணெயும் எப்படிக் கலக்கிறது, பிளக் ஏன் கரி பிடிக்கிறது என்று விளங்கி வேலை செய்த மெக்கானிக், அடுத்து வந்த எந்த வண்டியையும் பிரித்தார். சொல்லிக் கொடுத்தபடி குழாயை மட்டும் மாற்றப் பழகியவருக்கு அது முடியவில்லை.

சரி, ஆர்பிஜி வேலையை விட்டு வெளியே வந்தாலும் உங்களோடு கூட வரப்போவது எது என்று பார்ப்போம்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் லீசிங் எடுக்காத வீடு குறைவு. ஒரு லட்சம் ரூபாயை, வட்டியை விட்டுவிடுங்கள், 12 தவணையாகப் பிரியுங்கள். ஒரு தவணை 8,333.33. பன்னிரண்டால் பெருக்கினால் 99,999.96. நான்கு சதம் குறைகிறது. அது எங்கே போனது? கடைசித் தவணையை 8,333.37 என்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்தக் கடன் என்றைக்கும் பூச்சியத்துக்கு வராது. நான்கு சத நிலுவையோடு கணக்கு மூடப்படாமல் கிடக்கும், வாடிக்கையாளருக்கு "பாக்கி உள்ளது" என்று கடிதமும் போகும். ஆயிரக்கணக்கான கடன்களில் இப்படி நடந்தால் பேரேடு ஒத்துவராது.

இந்த ஒழுங்கை ஆர்பிஜி முதல் நாளிலிருந்தே சொல்லித் தரும். அதில் பணத்தைப் பொதிந்த தசமமாக வைப்போம். 12345.67 என்பது ஏழு இலக்கம். அது நான்கு பைட்டில் 12, 34, 56, 7F என்று உட்காரும். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரைப் பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறி. தசமப் புள்ளி சேமிக்கப்படுவதே இல்லை, அது எங்கே என்பது புலத்தின் வரையறையில் இருக்கும். ஒரு கணக்கின் விடையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் மிஞ்சினால் ஆர்பிஜி அவற்றை வெட்டிவிடும். அரைக்கு மேல் கூட்ட வேண்டுமென்றால் நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதாவது ஒவ்வொரு வரியிலும், இங்கே வெட்டுவதா, கிட்டிய சதத்துக்குக் கொண்டுபோவதா என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். ஜாவாவில் டபிள் என்ற வகையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத்துக்கு, தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் வகையைப் பாவிக்க வேண்டும், எந்த முறையில் முழுமையாக்குவது என்று சொல்ல வேண்டும் என்பதை அங்கே பலர் அடிபட்டுத்தான் கற்கிறார்கள். உங்களுக்கு அது ஏற்கெனவே பழக்கமாயிருக்கும். நான் ஜாவாவுக்குப் போனபோது குழுவில் என்னை முதலில் மதித்தது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அடுத்தது இரவு வேலை. வணிகக் கணினியின் உயிர் நாள்முடிவு ஓட்டத்தில் இருக்கிறது. வட்டி கணக்கிடும் வேலை, தவணை தவறியவர்களைக் குறிக்கும் வேலை, பேரேட்டுக்கு ஏற்றும் வேலை என்று வரிசையாகப் போகும். நடுச்சாமத்தில் ஒரு வேலை நிற்கும். செயலில் உள்ள வேலைகளின் பட்டியலைத் திறந்தால் அது பதிலுக்காகக் காத்திருக்கும். செய்தியைப் பார்த்தால் எம்சிஎச்1202, தசமத் தரவுப் பிழை. எண் இருக்க வேண்டிய புலத்தில் வெற்றிடம் வந்திருக்கிறது. ஏதோ ஒரு கிளையிலிருந்து வந்த கோப்பில் ஒரு வரி இடம் மாறியிருக்கும். இப்போது உங்களுக்கு முன்னால் சில கேள்விகள். ஓட்டத்தை வெட்டினால் ஏற்கெனவே எழுதிய பதிவுகள் என்னாகும்? திரும்ப ஓட்டினால் அதே கணக்குகளுக்கு இரண்டாவது தடவை வட்டி ஏறுமா? எந்த இடத்திலிருந்து தொடங்கலாம்? விடிந்தால் வங்கி திறக்கும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு கிளவுட், செய்தி வரிசை, தரவுக் குழாய் என்று எந்தப் பெயரில் வந்தாலும் புதிதாகப் படிக்க அதிகமில்லை. ஒரு வேலையை இரண்டு தரம் ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அங்கேயும் அதே விதிதான். ஏஎஸ்/400இல் ஜேர்னல் என்று கற்பது மற்றத் தரவுத்தளங்களில் பரிவர்த்தனைப் பதிவேடு. லொஜிக்கல் ஃபைல் என்பது மற்றத் தரவுத்தளங்களின் சுட்டியும் (இன்டெக்ஸ்) வியூவும் சேர்ந்தது. எதை எந்த இடங்களில் தேடுவது என்று சொல்லும் லைப்ரரி லிஸ்ட் விளங்கியவருக்கு லினக்ஸின் பாத் விளங்கும். இதைப் பட்டியல் போட்டு மனனம் செய்ய வேண்டாம், அங்கே ஒன்றை ஒழுங்காக விளங்கினால் இங்கே தானாகக் கண்ணில் படும்.

மூன்றாவது, மற்றவர் எழுதிய பழைய கோடை வாசிப்பது. இதைப் பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய ஆர்பிஜியில் ஒவ்வொரு வரியும் நிரல் (வரியில் எழுத்து நிற்கும் இடம்) எண்ணிக்கைப்படி எழுதப்பட்டிருக்கும். ஆறாவது நிரலில் உள்ள எழுத்துத்தான் அது கோப்பு வரையறையா கணக்கீடா என்று சொல்லும். 01 முதல் 99 வரை இண்டிகேட்டர்கள், அதாவது எரியும் அல்லது அணையும் குறிகள். ஓரிடத்தில் 50 எரிந்தால் நானூறு வரி தள்ளி வேறொன்று நடக்கும். எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். குறிப்பு ஒன்றும் இருக்காது. ஒரு நிபந்தனை ஏன் அங்கே இருக்கிறது என்று தேடிப் போனால் எப்போதோ மாறிய ஒரு வரிச் சட்டத்தில் போய் நிற்கும். இந்தப் பொறுமை வந்துவிட்டால் பத்து வருடப் பழைய ஜாவாக் கோட் உங்களைப் பயமுறுத்தாது.

ஆர்பிஜி அப்படியே உறைந்து கிடக்கவும் இல்லை. 2001இல் கணக்கீடுகளைச் சுதந்திர வடிவில் எழுத விட்டார்கள், 2013இல் கோப்பு, தரவு வரையறைகளையும், 2015இல் நிரல் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். இன்று எழுதும் ஆர்பிஜியைப் பார்த்தால் உங்கள் நண்பர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. விஎஸ் கோட் என்ற வழக்கமான கோட் எழுதும் செயலியிலேயே எழுதலாம்.

இனிக் கூட வராதவை. இதை மறைக்கக் கூடாது.

பச்சைத் திரை, அதாவது எழுத்து மட்டும் காட்டும் பழைய முனையத் திரைக்குப் புரோகிராம் எழுதும் திறமை உங்களோடு வெளியே கூட வராது. கட்டளைப் பெயர்கள், திரை வரையறை, திரையில் பட்டியல் காட்டும் சப்ஃபைல் எல்லாம் அந்த இயந்திரத்தோடேயே நின்றுவிடும். அதைவிட ஆழமான ஒன்றும் இருக்கிறது. ஆர்பிஜியில் திரையைக் காட்டி உள்ளீட்டை வாங்க ஒரே ஒரு கட்டளை. அந்த வரியில் புரோகிராம் அப்படியே நிற்கும். பயனர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து விசையை அழுத்தினால் அடுத்த வரிக்குப் போகும். மாறிகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். இணையத்தில் அப்படி இல்லை. ஒரு கோரிக்கை வரும், பதில் போகும், சேர்வர் உங்களை மறந்துவிடும். அடுத்த சொடுக்கில் யார் நீங்கள், எந்தப் படியில் இருந்தீர்கள் என்று எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டும். ஆர்பிஜியிலிருந்து வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மொழியின் இலக்கணத்தைச் சில வாரங்களில் படித்துவிடலாம், இந்தச் சிந்தனை மாற்றத்துக்கு மாதங்கள் பிடிக்கும்.

இன்னொரு குறை, அந்த இயந்திரம் மிக வசதியானது. தரவுத்தளம், பாதுகாப்பு, வேலை அட்டவணை, அச்சுவரிசை எல்லாம் உள்ளேயே இருக்கும். அதனால் வலையமைப்பு, தானியங்கிச் சோதனை, கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாடு எதையும் தொடாமல் வருடக்கணக்கில் வேலை பார்க்க முடியும். அப்படிப் பார்த்தவர்கள்தான் வெளியே வரும்போது திணறுகிறார்கள். அந்தத் திணறலைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஏஎஸ்/400 காரருக்கு வேறொன்றும் வராது என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. நல்ல மூளைகளை ஒரு மூலையில் இருத்தி, ஒரே அறிக்கைப் புரோகிராமைத் திரும்பத் திரும்பத் திருத்த வைத்துவிட்டு, பிறகு அவர்கள் வளரவில்லை என்று சொல்வது அநியாயம்.

அதனால் நேர்முகத்தில் நீங்களும் கேளுங்கள். புதிய கோட் சுதந்திர வடிவில் எழுதுகிறார்களா, இல்லைப் பழையதைத் திருத்துவது மட்டுமா? எஸ்கியூஎல் பாவிக்கிறார்களா? கிட் இருக்கிறதா? வெளியிலிருந்து இணையச் செயலிகள் இந்த இயந்திரத்தோடு பேசுகின்றனவா, அந்தப் பக்கத்தையும் நீங்கள் தொடலாமா? வாடிக்கையாளரின் ஆட்களோடு நேரடியாகக் கதைக்க விடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம். லீசிங், காப்புறுதி, களஞ்சிய இருப்பு ஆகியவற்றில் ஒன்றின் உள்ளும் வெளியும் தெரிந்தவருக்கு மொழி மாறினாலும் வேலை போகாது. பதில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால், இரவு ஷிப்டில் ஓட்டங்களைக் கண்காணிக்கும் ஓப்பரேட்டர் வேலை மட்டும் என்றால், இரண்டு வருடம் கட்டுப்பட வேண்டாம். ஒப்பந்தத் தாளில் இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, மாதம் செல்லச் செல்ல அது குறைகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்து இதையெல்லாம் மாற்றிவிடாதா என்றும் கேட்பார்கள். கோபோல் என்ற இன்னொரு பழைய வணிக மொழியை ஜாவாவாக மாற்ற உதவும் கருவியை ஐபிஎம்மே 2023இல் அறிவித்தது. மொழிமாற்றத்தைக் கருவி செய்யும். அந்த நான்கு சதம் கடைசித் தவணையில் சேர்ந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் காலத்தில் இரண்டு கரையும் தெரிந்தவருக்குத்தான் கிராக்கி. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர், வேலையில்லாதோர் கொடுப்பனவுக் கணினிகளுக்காகக் கோபோல் தெரிந்தவர்கள் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்க நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. பச்சைத் திரை என்பது 24 வரி, 80 நிரல், மொத்தம் 1,920 எழுத்து. தொலைபேசி டேட்டாவிலேயே தடங்கலில்லாமல் வேலை செய்யலாம். வங்கி வாடிக்கையாளர்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லி அலுவலகத்துக்கு வரச் சொல்லக்கூடும், அது வேறு. ஆனால் அனுபவம் வந்த பிறகு விசுவமடுவில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளில் இதுவும் ஒன்று.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். பட்டதாரிகளுக்கான அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற அரசாங்க நியமனம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் அப்போது யோசிக்கலாம், அதுவரை வீட்டில் இருந்ததற்கு யாரும் புள்ளி போடப்போவதில்லை. கணினிப் பட்டதாரிக்கு முதல் இரண்டு வருடம் சும்மா போவது பெரிய இழப்பு. கொழும்பில் வங்கி, காப்புறுதிப் பக்கம் இந்த இயந்திரம் தெரிந்தவர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொம்பிளைப் பிள்ளையைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்பும் பயம்தான் உள்ளே இருக்கிறதென்றால், தங்குமிடத்தை முதலில் பார்த்து முடித்துவிட்டு அவரோடு கதையுங்கள்.

கையெழுத்துப் போட முன் ஒரு வேலை செய்யுங்கள். பப்400 என்ற பொது இயந்திரத்தில் இலவசமாகக் கணக்குத் திறக்கலாம், உண்மையான ஐபிஎம் ஐ அது. விஎஸ் கோட்டில் கோட் ஃபோர் ஐபிஎம் ஐ என்ற நீட்சியைப் போட்டு அதில் இணையுங்கள். பெரிய வங்கிகள் பாவிக்கும் மெயின்ஃபிரேம் கணினிப் பக்கமும் பார்க்க விருப்பமென்றால் ஐபிஎம் இசட் எக்ஸ்புளோர் என்ற பயிற்சித் தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். முதலில் நான் மேலே சொன்ன ஒரு லட்சம் ரூபாய்த் தவணைக் கணக்கை, வட்டியோடு, ஆர்பிஜியில் எழுதுங்கள். அதையே ஜாவாவிலும் எழுதி, இரண்டு விடையும் சதத்துக்குச் சதம் ஒத்துவரும்வரை விடாதீர்கள். அப்புறம் யாராவது இணையத்தில் போட்ட பழைய நிரல் வடிவ ஆர்பிஜி ஒன்றை எடுத்து, அது என்ன செய்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்த ஒரு பக்கம் எழுதும்போது உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னும் தோண்ட வேண்டும் போலிருந்தால் யோசிக்காமல் பஸ் ஏறுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.